பச்சை விளக்கு வாங்கிய 151 பேர்

அனுப்புநர்:
போட்டிப் பதிவு எண் 47,
பதினோராம் வகுப்பு மாணவி.
(பங்கேற்பாளர் எல்லா இடங்களிலும் பதிவு எண்ணால் மட்டுமே குறிக்கப்பட வேண்டும் என்பது போட்டி விதி 2. எந்த விதியையும் நான் மீறவில்லை என்று காட்டவே இங்கும் அதைக் கடைப்பிடிக்கிறேன்.)

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொதுச் சுகாதாரத் துறை.

பொருள்: ‘மக்கள் நலமும் செயற்கை நுண்ணறிவும்’ பள்ளி மாணவர் குறும்படப் போட்டி – இறுதிச் சுற்றில் எனது படம் பாதியில் நிறுத்தப்பட்டமை – படத்தில் சொல்லப்பட்ட 151 பேரை உடனே மறுபரிசோதனைக்கு அழைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. போட்டி அறிவிப்பு, விதிகள் 1 முதல் 14 வரை. 2. என் தாயாருக்கு வழங்கப்பட்ட குறிப்பாணை. 3. தங்கள் தொடக்க உரை (எனது குறிப்பேட்டில் உள்ளபடி).

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவற்றை நடந்தபடியே, கூட்டாமலும் குறைக்காமலும், எனக்கும் என் வீட்டாருக்கும் பாதகமானவற்றையும் சேர்த்து, உண்மையாக இம்மனுவில் பதிவு செய்கிறேன். பிறர் பேசியதைக் குறிப்பிடும் இடங்களில் அவர்கள் பேசிய சொற்களையே எழுதியிருக்கிறேன். மனுவில் பேச்சு வழக்கு வரக் கூடாது என்று எங்கள் தமிழாசிரியை சொன்னார். ஆனால் சாட்சியைத் திருத்தி எழுதினால் அது சாட்சியாக இருக்காது என்று எண்ணி அப்படியே விட்டுவிட்டேன். அந்தப் பிழைக்கு நானே பொறுப்பு.

1. என் தாயார் தங்கள் துறையில் களப்பணியாளர். காசநோய் உள்ளவர்களைக் கண்டறிய, சென்ற ஆண்டு முதல் களப்பணியாளர்களுக்கு ஒரு கருவி தரப்பட்டுள்ளது. பார்வைக்குக் கைபேசி போல இருக்கும். வீட்டிலுள்ளவர் பெயரைத் திறந்து, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூன்று முறை இருமச் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு அந்த இருமலைக் கேட்டு, சந்தேகம் இல்லையென்றால் பச்சையும், சந்தேகம் இருந்தால் சிவப்பும் காட்டும். சிவப்பு வந்தவருக்குச் சளிப் பரிசோதனைக்கான சீட்டு வரும். பச்சை வந்தவர் கைபேசிக்குப் ‘பச்சை’ என்று குறுஞ்செய்தி போகும்.

2. போட்டி அறிவிப்பு எங்கள் பள்ளிப் பலகையில் ஒட்டப்பட்ட அன்றே இந்தக் கருவியைப் பற்றிப் படம் எடுப்பதென்று முடிவு செய்தேன். ‘காது கொடுத்துக் கேட்கும் கருவி’ என்று தலைப்பும் வைத்தேன். கருவியைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஓர் இருமலில் இத்தனை செய்தி இருக்கிறதா என்ற வியப்புத்தான் இருந்தது. படத்தின் முதல் ஒரு நிமிடம் முழுவதும் அந்த வியப்புத்தான். முதல் சுற்றில் நடுவர்கள் முதல் ஒரு நிமிடத்தை மட்டுமே பார்ப்பார்கள் என்பது விதி 9. அதனால்தான் நான் இறுதிப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியானேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

3. இரண்டாம் நாள் படப்பிடிப்புக்காக, பள்ளி விட்டதும் சுகாதார நிலையத்தின் பின்னறைக்குச் சென்றேன். ஜன்னல் ஓரமாக ஒரு மேசை. மேசைமேல் ஒரு செம்பு வெந்நீர், மூன்று டம்ளர், வீடுகளின் பட்டியல். என் தாயாரும் வேறு இரண்டு களப்பணியாளர்களும் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் கனத்த குரல் உடையவரை எல்லாரும் வெண்கலம் என்று அழைப்பார்கள். மெலிந்தவரைச் சிட்டு என்பார்கள். நான் கதவருகில் நின்றதை அவர்கள் கவனிக்கவில்லை. சிட்டு அக்கா பட்டியலிலிருந்து ஒரு பெயரைப் படித்தார். வெண்கலம் அக்கா கருவியில் மூன்று முறை இருமினார். பச்சை. அடுத்த பெயர். மூன்று இருமல். பச்சை. பிறகு அவர் வெந்நீர் குடித்துவிட்டுச் சொன்னது இது: “எனக்குத் தொண்டை வத்திப் போச்சுடி. ஆம்பளைங்க எல்லாரையும் எந்தலையில கட்டிட்டீங்க. பொம்பளைங்கள நீங்க பாருங்க, குழந்தைங்கள சிட்டு பாத்துக்கட்டும்.” அதற்குச் சிட்டு அக்கா, “குழந்தை இருமல்னா சும்மாவா? ரெண்டு வயசுக்கு ஒரு மாதிரி, அஞ்சு வயசுக்கு ஒரு மாதிரி இருமணும்” என்றார். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன். என்ன நடக்கிறது என்பது எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

4. இதற்கான காரணத்தை அன்று மாலை என் தாயாரிடம் கேட்டு அறிந்தேன். ஒரு நாளைக்கு நாற்பது பேர் என்பது இலக்கு. எங்கள் பகுதியில் பெரும்பாலானோர் காலை ஆறு மணிக்கே வேலைக்குச் சென்றுவிடுவார்கள். களப்பணியாளர் ஒன்பது மணிக்குப் போனால் பூட்டிய கதவுதான் இருக்கும். கருவியில் ‘பச்சை’ உண்டு, ‘சிவப்பு’ உண்டு. ‘வீட்டில் இல்லை’ என்று ஒரு பொத்தான் கிடையாது. நாற்பது நிறையாமல் அன்றைய பதிவு மூடாது. மூடாவிட்டால் அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று பதிவாகும். மாதத்தில் மூன்று முறை அப்படியானால் விசாரணை. ஒரு பொத்தான் இருந்திருந்தால் அந்தப் பின்னறையில் வெந்நீர்ச் செம்புக்கு வேலை இருந்திருக்காது.

5. ஆகையால், ஐயா, கருவி பொய் சொல்லவில்லை. அது கேட்டது நோயில்லாத இருமல். நோயில்லை என்றுதான் சொன்னது. மூன்று பெண்களின் ஆரோக்கியத்தை அது நூற்றுக்கணக்கான முறை சரியாகவே உறுதிசெய்திருக்கிறது.

6. என் தாயாரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. தம் பட்டியலில் யாருக்காகப் பிறர் இருமினார்களோ அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீடுகளுக்குத் திரும்பிப் போய், கருவியிலுள்ள பயிற்சிப் பதிவில் அவர்களையே இருமச் செய்து, பச்சை வந்தால் அந்தப் புள்ளியை அடித்துவிடுவார். பயிற்சிப் பதிவு என்பது மக்களுக்குச் செய்து காட்டுவதற்கானது. நிறம் காட்டும், கணக்கில் ஏறாது. மொத்தம் 214 புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடிக்கப்பட்டவை 62. வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருகிறது.

7. அந்த நோட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என் தாய்மாமாவின் பெயரைப் பார்த்தேன். பக்கத்தில் புள்ளி இருந்தது. நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. மாமா சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்குபவர். எங்கள் தெருவிலேயே எட்டுத் தொழிலாளர்களுடன் ஓர் அறையில் தங்கியிருக்கிறார். இரண்டு வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் அம்மாவிடம் அந்தப் புள்ளியைக் காட்டினேன். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். “வீட்டுக்கு வர்றவன்தானே, எப்ப வேணா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்” என்றார். ஊரெல்லாம் திரும்பிப் போனவர், தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட தம்பியிடம் திரும்பவில்லை. இதை என் தாயாருக்கு எதிரான சாட்சியாகவே எழுதுகிறேன். அவரும் படித்துப் பார்த்துவிட்டு, எழுதத்தான் வேண்டும் என்றார்.

8. மாமா ஐந்து மாதமாக இருமிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்போதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “சிமெண்ட் தூசிக்கு இருமல் வராம தும்மலா வரும்? மெஷினே பச்சை காட்டிடுச்சு. மெஷினை விட உனக்குத் தெரியுமோ?” இடுப்பு இளைத்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். அதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பச்சையை நம்பியதால் எங்கள் கண்ணை நம்பவில்லை.

9. அன்று மாலை மாமா சாப்பிட வந்ததும், என் தாயார் கருவியைப் பயிற்சிப் பதிவில் வைத்து அவர் முன் நீட்டினார். கேமரா என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. மாமா மூன்று முறை இருமினார். மூன்றாவது இருமல் முடியுமுன்பே சிவப்பு வந்தது. ஐயா, அந்தக் கருவி எவ்வளவு நல்ல கருவி என்று அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை. காசநோய் உறுதியானது. “நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம்” என்றார் மருத்துவர். மாமா இப்போது இரண்டாம் மாத மாத்திரையில் இருக்கிறார். என் தாயார் நோட்டில் அறுபத்து மூன்றாவது புள்ளியைச் சிவப்பு மையால் அடித்தார். மீதி 151.

10. படத்தில் முகத்தை மறைக்கட்டுமா என்று என் தாயாரிடம் கேட்டேன். “எடு. முகத்தை மறைக்காதே. நான் இருமுனதுக்கு என் முகம்தான் சாட்சி” என்றார். மற்ற இருவரின் கைகளும் வெந்நீர் டம்ளர்களும் மட்டுமே படத்தில் உள்ளன. மாமாவிடமும் அனுமதி கேட்டேன். “வெண்கலம் அக்கா இருமுனா எனக்குப் பச்சை வருதுன்னா, மாத்திரையையும் அவங்களே போட்டுக்கட்டும். எனக்கு வாந்தி மிச்சம்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒப்புதல் படிவம் விதி 6-இன்படி இணைக்கப்பட்டது. தலைப்பை ‘மூன்று இருமல்’ என்று மாற்றினேன். படத்தின் நீளம் 4 நிமிடம் 53 நொடி. விதிப்படி ஐந்து நிமிடத்துக்கு உட்பட்டது.

11. இறுதிச் சுற்று தங்கள் அலுவலகத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. தாங்கள் தொடக்க உரையாற்றினீர்கள். “பயப்படாம எடுங்க பிள்ளைங்களா. கசப்பா இருந்தாலும் மருந்துன்னு குடிச்சுக்குவோம்” என்று கூறியதை நான் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். பிறகு வேறொரு கூட்டத்துக்குச் சென்றுவிட்டீர்கள். எனது படம் எட்டாவதாகத் திரையிடப்பட்டது. 3 நிமிடம் 12 நொடி ஓடியது. அது என் தாயார் கருவியில் இருமிக் காட்டும் காட்சி. அப்போது கூடத்தின் விளக்குகள் எல்லாம் போடப்பட்டன. திரை வெளுத்துப் போயிற்று. போட்டி ஒருங்கிணைப்பாளர் மேடையேறி, “இது துறையைக் கேலி பண்ற படம். செயற்கை நுண்ணறிவைப் பத்திப் பெருமையா ஏதாவது எடும்மான்னா, இருமலைப் படம் புடிச்சிட்டு வந்திருக்கே” என்றார். சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து, இன்னும் 1 நிமிடம் 41 நொடி இருக்கிறது என்று சொன்னேன். “உக்காரு” என்றார். நான் உட்காரவில்லை. அடுத்த படம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். பின்னாலிருந்தவர்களுக்கு மறைத்திருந்தால் அவர்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

12. ஒருங்கிணைப்பாளர் பார்க்காத அந்த 1 நிமிடம் 41 நொடியில்தான் கருவி மாமாவின் நோயைக் கண்டுபிடிக்கிறது. அவர் கேட்ட பெருமை அங்கேதான் இருந்தது. அதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிட்டார். தாங்கள் குடிப்பதாகச் சொன்ன மருந்தைத் தங்கள் அலுவலகம் தொண்டையிலிருந்தே துப்பிவிட்டது. மேலும், முதல் பரிசு பெற்ற படத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ரோபோ மருத்துவர் வானத்திலிருந்து இறங்கி வருவது அழகாகவே இருந்தது. நானும் கை தட்டினேன். அதில் வரும் செவிலியருக்கு இடது கையில் ஆறு விரல்கள் இருந்தன என்பதை மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி பதிவு செய்கிறேன்.

13. இறுதிச் சுற்று முடிந்த மூன்றாம் நாள் என் தாயாருக்குக் குறிப்பாணை வந்தது. ‘பொய்ப் பதிவு செய்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’ என்று அதில் கேட்கப்பட்டுள்ளது. அன்றே கருவியும் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் உறவினர் பலர் என்னிடம், “பெத்தவளுக்கே ஆப்பு வெச்சிட்டியே” என்றார்கள். ஒரு வாரம் நான் பள்ளிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகவில்லை. யாருடனும் உட்கார்ந்து சாப்பிட மனமில்லை. ஆனால் என் தாயார் ஒரு நாளும் என்னை அப்படிக் கேட்கவில்லை. குறிப்பாணைக்கு அவர் எழுதிய பதில் ஒரே வரி: ‘ஆம், செய்தேன், நோட்டு இணைக்கப்பட்டுள்ளது.’ நோட்டைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தரப்பட்டது. அதை இதுவரை யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

14. இம்மனுவின் முக்கியமான செய்தி இதுதான். ஒருவருக்கு ஒரு முறை பச்சை பதிவாகிவிட்டால் ஆறு மாதத்துக்கு அவர் பெயர் கருவியில் மீண்டும் திறக்காது. அந்த 151 பேரில் எட்டுப் பேர் மாமாவுடன் ஒரே அறையில் படுத்து எழுபவர்கள். அவர்கள் பெயர்களைச் சுகாதார நிலையத்தில் பதிந்து பார்த்தோம். ‘ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டவர்’ என்றே வருகிறது. சீட்டு வராமல் சளிப் பரிசோதனைக் குப்பி தர முடியாது என்கிறார் ஆய்வகப் பணியாளர். ஒரு நாள் வேலையை விட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் அந்த எட்டுப் பேரும், “எங்களுக்குத்தான் பச்சை இருக்கே” என்கிறார்கள். அவர்களில் இருவர் இருமுவதை நான் தெருவிலிருந்தே கேட்கிறேன். ஒருவருக்கு ஊரில் கைக்குழந்தை இருக்கிறது. அடுத்த வாரம் விடுப்பில் போகிறார். அந்தப் பூட்டைத் திறக்கும் அதிகாரம் களப்பணியாளருக்கு இல்லை, மருத்துவருக்கு இல்லை, ஒருங்கிணைப்பாளருக்கும் இல்லை. தங்களுக்கு மட்டுமே உண்டு. இதை விசாரித்து அறிந்த பிறகே தங்களுக்கு எழுதுகிறேன்.

15. எனவே நான் கேட்பவை:

அ) நோட்டிலுள்ள 151 பேரின் பெயர்களையும் உடனே திறந்து, அவர்களையே இருமச் செய்ய வேண்டும். எட்டுப் பேரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆ) மற்றப் பகுதிகளின் பின்னறைகளிலும் வெந்நீர்ச் செம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது ஒரு சுகாதார நிலையத்தின் கதை மட்டும் என்று நான் நம்பவில்லை.

இ) கருவியில் ‘வீட்டில் இல்லை’ என்று ஒரு பொத்தான் வைக்க வேண்டும்.

16. நான் கேட்காதவை: பரிசு வேண்டாம். சான்றிதழ் வேண்டாம். என் தாயாரை மன்னிக்கும்படியும் நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். தண்டிப்பதுதான் முறையென்றால் தண்டியுங்கள். ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் 151 பேர், பிறகு என் தாயார். அவரைத் தண்டித்துவிட்டு நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினால், இம்மனுவின் நகலுடன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதே மனு நாளுக்கு வருவேன். எனக்குப் பள்ளி முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. திங்கட்கிழமைகள் நிறைய இருக்கின்றன.

17. நான் சின்னப் பெண் என்பதால் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போட்டி அறிவிப்பின் கடைசி வரியில் ‘மாணவர்களின் கண்ணோட்டம் துறைக்கு வழிகாட்டும்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த வரியை நான் நம்பித்தான் படம் எடுத்தேன். இன்னும் நம்புகிறேன்.

எட்டுப் பேரில் ஒருவர் அடுத்த வாரம் குழந்தையைத் தூக்குவதற்கு முன் தங்கள் உத்தரவு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: திங்கட்கிழமை, மாலை 4.20
இடம்: மனுப் பெறும் பிரிவு, சுவர் ஓரப் பெஞ்சு

இப்படிக்கு,
தாங்கள் திரும்பி வந்து முழுப் படத்தையும் பார்ப்பீர்கள் என்று அன்று கூடத்தில் காத்திருந்த,
பதிவு எண் 47

இணைப்பு: ‘மூன்று இருமல்’ குறும்படம், பென் டிரைவில் – 1.

இணைப்புச் சரிபார்ப்புக் குறிப்பு (மனுதாரர் தம் கையால் எழுத வேண்டியது):

மாலை 4.35. மனுப் பெறும் எழுத்தர் பென் டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, “ஓபன் ஆகுதும்மா. போதும், சீல் போட்டுடறேன்” என்றார். அவர் தலைக்கு மேல் உள்ள பலகையில், ‘இணைப்புகள் மனுதாரர் முன்னிலையில் முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட பின்னரே மனு பெற்றுக்கொள்ளப்படும்’ என்று எழுதியிருப்பதை நான் சுட்டிக்காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். “இந்தப் பலகையை இத்தனை வருஷத்துல படிச்ச மொத ஆள் நீதான்” என்றார். அவருடைய கணினியில் ஒலி வரவில்லை. ஆகையால், கை கழுவும் முறையைக் காட்டிக்கொண்டிருந்த சுவர்த் தொலைக்காட்சியில் பென் டிரைவைச் செருகினார்.

படம் தொடங்கியது. கூடத்தில் மனுவுடன் காத்திருந்தவர்கள் பதினான்கு பேர். அவர்களோடு என் தாயார். அழைக்காமலே வந்திருந்த வெண்கலம் அக்காவும் சிட்டு அக்காவும். இருவர் கையிலும் அவரவர் நோட்டு இருந்தது. குழல் விளக்கின் வெளிச்சம் விழுந்து திரை பாதி தெரியவில்லை. “ஒண்ணும் தெரியலையேப்பா” என்று வரிசையில் ஒருவர் சொன்னார்.

இரண்டரை நிமிடம் ஓடியபோது தங்கள் அறைக் கதவு திறந்தது. தாங்கள் வெளியே வந்து, சுவிட்சுப் பலகையை ஒட்டி நின்றீர்கள். எழுத்தர் எழுந்து நின்றார். திரையில் என் தாயார் கருவியை வாயருகே கொண்டுபோனார். மூன்று நிமிடம் பன்னிரண்டாம் நொடி. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சில் யார் கை வைத்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

விளக்குகள் அணைக்கப்பட்டன.